இஞ்சினும் ஒரு பாடநூலே!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

காலை ஒன்பதரை மணிக்கு நம் கல்லூரி வாசலில் நின்று பாருங்கள். வரிசை வரிசையாக மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் வந்து வேப்ப மரத்தடியில் நிற்கும். அவற்றில் வருகிறவர்களில் பாதிப் பேர் விஞ்ஞான மாணவர்கள். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைக் கேளுங்கள். மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். நீங்கள் ஏறி வந்த வண்டிக்குள் அந்த விதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். "அதெல்லாம் மெக்கானிக் அண்ணனுக்குத்தான் தெரியும்" என்பார்கள். மெக்கானிக் அண்ணனைக் கேட்டால், "விதியெல்லாம் காலேஜில் படிக்கிற தம்பிக்குத்தான் தெரியும்" என்பார். இருவருக்கும் நடுவே அந்த இஞ்சின் மட்டும் இரண்டையும் தெரிந்துகொண்டு, பேசாமல் ஓடிக்கொண்டிருக்கிறது!

இந்த இடைவெளியைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். பழைய இஞ்சின் ஒன்றை வீட்டு முற்றத்தில் இறக்கி, பிரித்து, அளந்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டி ஓட வைப்பது பொழுதுபோக்கு அன்று; அது கல்வி. அதுவும் நம்மைப் போன்ற கலைக் கல்லூரி மாணவர்களுக்கு மிகவும் தேவையான கல்வி. ஆனால் "பவர் ஏற்றுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு அதே இஞ்சினைக் கெடுப்பது கல்வி ஆகாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்

மேல்நாட்டில் ஏ.டி.வி. என்று ஒரு வண்டி உண்டு. மணல், சேறு, புல்வெளி, மலைச்சரிவு என்று எந்தத் தரையிலும் ஓடும் வண்டி அது. நம் பக்கத்தில் கடற்கரையிலும் மலைவாசத் தலங்களிலும் காசு கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கு மட்டுமே அதைப் பார்த்திருப்போம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அது பண்ணையாளரின் வேலைக்கார வண்டி. மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோகவும், வேலியைச் சுற்றிப் பார்க்கவும் அதையே நம்பியிருக்கிறார்கள். ஊருக்கும் பண்ணைக்கும் தூரம் அதிகம்; ஆகவே இஞ்சின் களைத்துப் போனால் வண்டிக் கொட்டகையில் வைத்துத் தாமே பிரித்து வேலை பார்க்கும் வழக்கம் அங்கே வளர்ந்தது.

1970இல் ஹோண்டா கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். இஞ்சின் ஏறத்தாழ 90 சி.சி. நான்கு சக்கர வண்டியைச் சுசுகி கம்பெனி 1982இல் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் திருப்பத்தில் கவிழ்ந்து பலர் காயம்பட்டதால், 1988இல் அமெரிக்க அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அங்கே புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். அந்த முதல் ஏ.டி.வி.யின் இஞ்சின், 1958இல் வெளிவந்த சூப்பர் கப் என்ற சிறு வண்டியின் வழியில் வந்த, கிடையாகப் படுத்த ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின். 1985இல் நம் நாட்டில் வெளிவந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வண்டியின் இஞ்சினும் அதே வழியில் வந்ததுதான். பால்காரரும் தபால்காரரும் வாத்தியாரும் ஏறிய அந்த வண்டி, அந்த ஏ.டி.வி.க்கு ஒருவகையில் தம்பி முறை! ஆகவே ஏ.டி.வி. இஞ்சினை வீட்டில் பிரிப்பது எப்படி என்று கற்பதும், நம் தெருவில் நிற்கும் 100 சி.சி. வண்டியைப் பிரிப்பது எப்படி என்று கற்பதும் பெரும்பாலும் ஒரே பாடமே.

முற்றத்தில் ஒரு பரிசோதனைச் சாலை

சென்ற கோடை விடுமுறையில் என் சித்தப்பாவின் 97.2 சி.சி. வண்டியைப் பிரித்தோம். வண்டி நீலப் புகை கக்கியது, ஆயிலைக் குடித்தது, மேட்டில் ஏற மறுத்தது, கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. முதலில் காட்டிய பட்டறையில், பிரித்துப் பார்க்காமலே, "ஃபுல் வேலை. கிராங்கும் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவர்கள் கேட்ட தொகை சித்தப்பாவின் கைக்கு எட்டாதது. எங்கள் தெருவில் இருபது ஆண்டுகளாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான், "நீ காலேஜில் படிக்கிறாய் அல்லவா, வா, பிரித்து அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்றார்.

"அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம்." விஞ்ஞான முறை என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

இந்த இஞ்சினின் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 49.5 மி.மீ. உருளையின் கன அளவைக் காணும் பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 97.2 சி.சி. வரும். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எண்ணை நானே காகிதத்தில் கணக்கிட்டு எடுத்தபோது அடைந்த மகிழ்ச்சியை எந்தத் தேர்விலும் அடைந்ததில்லை என்றால் அது மிகையாகாது.

பிறகு அளவுகள். நம் ஆய்வகத்து வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ. அது இந்த வேலைக்கு உதவாது, ஏனெனில் இங்கே தேய்மானமே அந்த அளவில்தான் இருக்கும். திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.; ஆனால் நம்மிடம் இருப்பது 25 மி.மீ. வரைதான் விரியும். ஆகவே பிஸ்டனையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனோம். அங்கே சிலிண்டரின் உட்புறத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகளிலும் அளந்தார்கள். மேலே, ரிங் திரும்பும் இடத்துக்கு அருகே, தேய்மானம் அதிகம், கீழே குறைவு. ஏன்? மேலே வெப்பமும் அழுத்தமும் அதிகம், ஆயில் படலம் மெல்லியது, பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும் இடமும் அதுவே. உராய்வு பற்றிய பாடம் முழுவதும் அந்தச் சிலிண்டரின் சுவரில் எழுதப்பட்டிருந்தது.

கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார் அண்ணன், ஆட்டம் இல்லை. பக்கவாட்டு இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்தோம். கம்பெனிக் கையேடு சொல்லும் எல்லைக்குள் இருந்தது. "போய்விட்டது" என்று சொல்லப்பட்ட கிராங்க் நலமாகவே இருந்தது! சிலிண்டரை 0.25 மி.மீ. பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டு, வால்வுகளைப் பசை வைத்து உட்கார வைத்து, வால்வு சீலும் காஸ்கெட்டும் மாற்றியதோடு வேலை முடிந்தது. புகை நின்றது. சித்தப்பா இன்றும் அந்த வண்டியில்தான் சந்தைக்குப் போகிறார்.

புத்தகம் சொல்லாமல் விட்டவை

ரிங்கை ஏன் முழு வட்டமாகச் செய்யாமல் ஓர் இடத்தில் வெட்டி விடுகிறார்கள்? புதிய ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அந்த வெட்டின் இடைவெளியை அளக்க வேண்டும். இத்தகைய சிறு இஞ்சினில் அது 0.2 மி.மீ. அளவில் இருக்கும். இந்த எண் எங்கிருந்து வந்தது? 50 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 157 மி.மீ. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ இலட்சத்தில் ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. ரிங், சிலிண்டர் சுவரைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் நீட்சி ஏறத்தாழ 0.19 மி.மீ. இடைவெளி அதைவிடக் குறைந்தால் இரு முனைகளும் முட்டிக்கொண்டு சுவரைக் கீறிவிடும். மிகுந்தால் அழுத்தம் கசியும். முதலாண்டில் நீள் விரிவுக் குணகம் என்று படித்து, ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்தோமே, அந்தக் குணகம்தான் சித்தப்பாவைச் சந்தைக்கு அழைத்துப் போகிறது!

பிஸ்டனும் அப்படியே. அது சரியான உருளை அன்று. தலைப்பக்கம் சற்றுக் குறுகலாகவும், குறுக்கே பார்த்தால் சற்று நீள்வட்டமாகவும் கடைந்திருப்பார்கள். அலுமினியம், இரும்பைப் போல இரு மடங்கு விரிவது. அதிலும் நெருப்பை நேரே வாங்கும் தலைப்பக்கம் அதிகம் விரியும். குளிர்ந்திருக்கும்போது கோணலாக இருப்பதால்தான் சூடேறியபின் நேராகிறது. இந்த நுட்பத்தைக் கரும்பலகையில் யாரும் எனக்குப் படம் போட்டுக் காட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து அளந்தபோதுதான் புரிந்தது.

டார்க் ஸ்பேனர் என்ற கருவியைப் பாருங்கள். ஹெட் நட்டுகளை 20 நியூட்டன் மீட்டர் என்ற அளவில் முடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 100 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 கிலோ எடை தொங்குகிற அளவு விசை கொடுக்க வேண்டும். அதையும் ஒரே பக்கமாக அன்றி, எதிரெதிர் மூலைகளாக, இரண்டு மூன்று தவணைகளில் கொடுக்க வேண்டும். திருப்புத்திறன் என்ற சொல் எனக்கு அன்றுதான் தசையில் ஏறியது.

கேம்ஷாஃப்ட் சக்கரத்தின் பற்கள் கிராங்க் பற்களைப் போல இரு மடங்கு. ஏன் இரு மடங்கு? 1876இல் ஜெர்மானியர் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சுச் சுழற்சியில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு வால்வு ஒருமுறை திறந்து மூட வேண்டும். வரலாறும் கணிதமும் இயற்பியலும் ஒரு சின்னச் சங்கிலியில் கைகோத்து ஓடுகின்றன.

பவர் ஏற்றுவது முன்னேற்றமா?

இனி, நண்பர்கள் பலருக்குப் பிடித்த விஷயத்துக்கு வருவோம். இஞ்சினைப் பிரித்ததுமே, "போர் பெரிசாக்கு, ஹெட்டைத் தேய், சைலன்சரை மாற்று" என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிலிண்டரை 0.25 மி.மீ. பெரிதாக்கினால் 97.2 சி.சி. என்பது 98.2 ஆகும். முழுதாக 1 மி.மீ. பெரிதாக்கினாலும் 101.1 தான். நான்கு சதவீதம் கூடுதல். சுவரோ அந்த அளவுக்கு மெலிந்துவிடுகிறது. ரீபோர் என்பது தேய்மானத்துக்கு மருந்து. சத்து மாத்திரை அன்று.

அழுத்த விகிதத்தை ஏற்றினால்? அது 8.8 என்று வைத்துக்கொள்வோம். ஓட்டோ சுழற்சியின் இலட்சியத் திறன், புத்தகச் சூத்திரப்படி ஏறத்தாழ 58 சதவீதம். விகிதத்தை 10 ஆக்கினால் 60 சதவீதம். அதற்கு எரி அறையின் கன அளவை 12.5 சி.சி.யிலிருந்து 10.8 சி.சி.க்குக் குறைக்க வேண்டும். ஹெட்டிலிருந்து ஏறத்தாழ 0.85 மி.மீ. தேய்க்க வேண்டியிருக்கும். காகிதத்தில் கிடைக்கும் இலாபம் இரண்டு சதவீதப் புள்ளி. ஏற்கும் ஆபத்தோ பெரிது: சூடு ஏறும், பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும் சத்தம் வரும், வால்வு பிஸ்டனில் மோதக்கூடும். காகிதத்துத் திறன் 58 சதவீதம் என்றாலும், சாலையில் ஓடும் இஞ்சின் அதில் பாதியைக்கூடத் தொடுவது கடினம். உராய்வு, கசிவு, குளிர்விப்பு, முழுமையாக எரியாமை ஆகியவை மீதியைத் தின்றுவிடுகின்றன. அப்படியானால் நம் உழைப்பு எங்கே போக வேண்டும்? கசிவை அடைப்பதில், உராய்வைக் குறைப்பதில், கார்புரேட்டரைச் சுத்தமாக வைப்பதில், வால்வு இடைவெளியைச் சரியாக வைப்பதில். சில சிறு இஞ்சின்களில் அந்த இடைவெளி 0.05 மி.மீ.; ஒரு தலைமுடியின் பருமன் அளவே!

இதற்கு நல்லதொரு சான்று உண்டு. பொறியியல் மாணவர்கள் தாமே ஏ.டி.வி. போன்ற வண்டியை வடிவமைத்து ஓட்டும் பாஹா போட்டி அமெரிக்காவில் 1976இலும், நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் 2007இலும் தொடங்கியது. பல ஆண்டுகள் எல்லா அணிகளுக்கும் ஒரே கம்பெனியின் 10 குதிரைத்திறன் இஞ்சின்தான். அதில் கை வைத்துப் பவர் ஏற்றக் கூடாது என்பது விதி. ஆனாலும் ஓர் அணி முந்துகிறது, ஓர் அணி பிந்துகிறது. எடையைக் குறைப்பதிலும், கியர் விகிதத்திலும், சட்டத்தின் உறுதியிலும், பழுதில்லாமல் ஓடி முடிப்பதிலும்தான் வெற்றி இருக்கிறது. நம் வண்டிக்கும் அதுவே பொருந்தும். வறண்டுபோன பெட்ரோல் குழாயை, எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தாங்கும் குழாயாக மாற்றுவது முன்னேற்றம். பழைய வண்டியில் பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணுப் பற்றவைப்புப் பொருத்துவது முன்னேற்றம். தெருவையே எழுப்பும் சைலன்சர் முன்னேற்றம் அன்று. அது வெறும் இரைச்சல்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பது கூடாது. தேய்ந்ததைப் புதுப்பிப்பது நம் உரிமை, 100 சி.சி.யை 150 ஆக்கிச் சாலையில் விடுவது நம் உரிமை அன்று.

கை கறுக்கக் கூடாதா?

இப்போது என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா லாரியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆனவர். நான் முற்றத்தில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இந்தக் கை கறுக்கக் கூடாது என்றுதானே உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்றார். அதில் கோபம் இல்லை. முப்பது ஆண்டு உழைப்பின் வலி இருந்தது. அதற்கு எதிர்வாதம் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எழுத்தில் மரியாதையோடு சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

அப்பாவின் கை கறுத்தது வேறு வழி இல்லாததால். அந்தக் கறுப்புக்குக் கூலி குறைவு, மதிப்பு அதைவிடக் குறைவு. அவர் வெறுப்பது கிரீஸை அன்று. கிரீஸோடு ஒட்டிவந்த அவமதிப்பை. அந்த அவமதிப்பை ஒழிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நான் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு நாற்காலியில் ஏறிவிடுவது. அப்போது அப்பாவைப் போன்றவர்களின் மீதுள்ள அவமதிப்பு அப்படியே இருக்கும். அதைச் செய்கிறவர்களின் வரிசையில் நானும் சேர்ந்துவிடுவேன். மற்றொன்று, படித்த கையும் கறுக்கலாம், கறுத்த கையும் படிக்கலாம் என்று காட்டுவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறேன். படிப்பு என்னை என் வீட்டிலிருந்து தூரமாக்கக் கூடாது என்பதே என் ஆசை. வால்வு ஏன் எரிகிறது என்று நான் சூத்திரத்தோடு சொல்ல, அப்பா தம் அனுபவத்தோடு திருத்தினால், அதைவிடச் சிறந்த கருத்தரங்கம் ஏது?

கோவை ஜி.டி. நாயுடு (1893–1974) பள்ளிப் படிப்பை முடித்தவர் அல்லர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தே இயந்திரம் கற்றார் என்பது அவர் வரலாறு. பின்னாளில் மோட்டாரும் கருவிகளும் செய்து காட்டிய கைகளுக்கு முதல் பாடநூல் ஓர் இஞ்சின். பள்ளி கிடைக்காதவர் இஞ்சினைப் படித்தார். பள்ளி கிடைத்த நாம் அதைத் தொடவும் தயங்குகிறோம்!

எதிர்வாதங்கள் சில

"மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடுகிறாயே" என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. ரீபோர் செய்ய லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்; கிராங்க் பின்னை அழுத்திப் பூட்டுவது வீட்டு வேலை அன்று. வேலை தெரிந்த வாடிக்கையாளர் நல்ல மெக்கானிக்கின் அருமையை உணர்வார். பிரிக்காமலே தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு மட்டுமே அவர் தொல்லை.

"ஆபத்து இல்லையா?" உண்டு. ஆகவேதான் முறையாகக் கற்க வேண்டும் என்கிறேன். பெட்ரோல் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது. மூடிய அறையில் இஞ்சினை ஓட விடக் கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ ஊற்றக் கூடாது. டப்பாவில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குகிறவர்களிடம் கொடுக்க வேண்டும்.

"மின்சார வண்டிகள் வருகின்றனவே, இனி இஞ்சின் எதற்கு?" நல்ல கேள்வி. ஆனால் மின்சார வண்டியிலும் பேரிங் உண்டு, திருப்புத்திறன் உண்டு, வெப்ப விரிவு உண்டு. அளந்து பார்த்துவிட்டுப் பேசும் பழக்கத்துக்கு வயதாவதில்லை. மேலும், புதிய வண்டிகளில்தான் நமக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் பி.எஸ். 6 விதி வந்தபின், பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பு வந்துவிட்டது. காற்று மாசு குறைந்தது, அதை வரவேற்கிறேன். ஆனால் பழுது என்ன என்று கேட்கவே தனிக் கருவி வேண்டும். கருவியையும் கையேட்டையும் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டால், காசு கொடுத்து வாங்கிய வண்டிக்கு நாம் பாதிச் சொந்தக்காரர் மட்டுமே. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், விவசாய இயந்திரங்களைச் சொந்தக்காரரே பழுது பார்க்க வழி செய்யும் சட்டத்தை 2023இல் இயற்றியது. நம் மத்திய அரசும் 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் இணையதளம் ஒன்றையும் தொடங்கியது. ஆனால் பழுது பார்க்கத் தெரியாத மக்களுக்குப் பழுது பார்க்கும் உரிமை எதற்கு? உரிமையைக் கேட்க வேண்டுமானால் முதலில் ஸ்பேனரைப் பிடிக்கத் தெரிய வேண்டும்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களிடம் பணிவோடு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது: இயற்பியல் ஆய்வகத்தின் ஒரு மூலையில் ஒரு மேசையும் ஒரு பழைய 100 சி.சி. இஞ்சினும் வேண்டும். ஓடும் இஞ்சின் தேவையில்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைப்பதே போதும். கூடவே 25 முதல் 50 மி.மீ. வரை அளக்கும் திருகு அளவி, ஒரு ஃபீலர் கேஜ், ஒரு டார்க் ஸ்பேனர். ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவரும், மாணவியரும் உட்பட, அதை ஒருமுறை பிரித்து, அளந்து, பதிவேட்டில் எழுதி, திரும்பப் பூட்ட வேண்டும். ஸ்கூட்டரில் தனியாக வரும் மாணவியருக்கு இந்தப் பாடம் நம்மைவிடவும் பயன்படும்.

இரண்டாவது: பக்கத்து ஐ.டி.ஐ.யோடு ஓர் ஏற்பாடு செய்யலாம். அவர்கள் நமக்குக் கை வேலை காட்டட்டும். நாம் அவர்களுக்குக் கணக்குக் காட்டுவோம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியே திறன் பயிற்சி பற்றிப் பேசுகிறோமே, அந்தத் திறன்களின் வரிசையில் ஓர் இஞ்சினும் இடம்பெறட்டும்.

மூன்றாவது: ஆண்டுக்கு ஒருநாள், நம் ஊர் மெக்கானிக் ஒருவரை அழைத்து, மேடையில் அமர்த்தி, பாடம் எடுக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கல்லூரியில் படிக்கும் எத்தனையோ பேரின் தந்தையர் பட்டறையிலும் லாரியிலும் வயலிலும் உழைக்கிறவர்கள். அவர்களில் ஒருவர் நம் கரும்பலகைக்கு முன் நின்று பேச, நாம் குறிப்பெடுக்கும் நாள், இந்தக் கல்லூரிக்கே பெருமை தரும் நாளாக இருக்கும்.

நண்பர்களே! பொறியியல் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டறை உண்டு, நமக்கு இல்லை. அதற்காக நாம் கையில்லாத விஞ்ஞானிகளாக இருக்க வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழக விதியும் சொல்லவில்லை. விடுமுறையில் ஒரு பழைய இஞ்சினைத் தேடிப் பிடியுங்கள். தெரிந்த மெக்கானிக் அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு நட்டையும் வரிசையாகத் தட்டில் வையுங்கள். அளக்கும் ஒவ்வோர் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். சோப்புப் போட்டால் கிரீஸ் போய்விடும். கை கற்றது போகாது.